மாதிரிக் கட்டுரை

எனக்கு முப்பத்தாறு வயசு. இந்த வயசுல காலேஜ் பெஞ்சுல போய் உக்காந்தா முட்டி இடிக்கும். பின்னாடி இருந்து பதினெட்டு வயசுப் பிள்ளைங்க "ஆன்ட்டி, கொஞ்சம் குனியுங்க, போர்டு மறைக்குது"ன்னு சொல்லும். அதெல்லாம் தெரிஞ்சு தான் சேர்ந்தேன். ஆங்கிலத் துறையில என் நாத்தனார் வேலை பார்க்கிறாங்கிறதும் தெரியும். முதல் வருஷத்துக்கு நாலு பிரிவு இருக்கு, அவகிட்டயா போய் மாட்டப் போறோம்னு நெனச்சேன். அவகிட்டயே போய் மாட்டினேன்.

வீட்டுல எல்லாரும் அவளை 'சின்னவ'ன்னு தான் கூப்பிடுவோம். என் வீட்டுக்காரரோட ஒரே தங்கச்சி, என்னை விட ஒன்பது வயசு இளையவ. எங்களுக்கு ஒரே வீடு, ஒரே குளியலறை, காலையில ஒரே பஸ். பிரிவுப் பட்டியலை ஒட்டின அன்னைக்குச் சாயங்காலமே என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனா. வகுப்புல நம்ம சொந்தம்னு காட்டிக்க வேண்டாம் அண்ணி, எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல, வீட்டு ஆளுக்கு மார்க் போடுறான்னு யாராவது கிளப்பி விட்டா என் கதி அவ்ளோதான்னு சொன்னா. நியாயமாத் தான் பட்டுச்சு. சரின்னுட்டேன். அதுக்கப்புறம் பஸ்ல அவ முன் சீட்டு, நான் பின் சீட்டு.

ரெண்டாவது வகுப்புல தான் அது நடந்துச்சு. மூணு தாளைப் பின் அடிச்சு ஆளுக்கு ஒண்ணாக் குடுத்தா. "இது மாதிரிக் கட்டுரை. நான் முதல் வருஷம் படிச்சப்ப எழுதினது. எட்டு வருஷமா இதைத் தான் துறையில எல்லாருக்கும் குடுக்கிறாங்க. ஆரம்பம் எப்படி இருக்கு, கருத்து எப்படி வளருது, மேற்கோள் எங்க வருதுன்னு பாருங்க. இதே மாதிரி எழுதப் பழகினாலே பாஸ்"னு சொன்னா. முகத்துல ஒரு சின்னச் சிரிப்பு வேற.

நான் முதல் வரியைப் படிச்சேன். உடம்பெல்லாம் கூசிப் போச்சு. அது என் வரி. ரெண்டாவது வரியும் என்னுது. மூணு பக்கமும், கமா முதற்கொண்டு, என்னுது. அடுக்களை மேடையில ஒரு பக்கம் பால் காய வெச்சுட்டு, இன்னொரு பக்கம் நின்னுக்கிட்டே எழுதினேன். அதைக் கையில பிடிச்சுக்கிட்டு, தன் பேரைப் போட்டு, என் முகத்துக்கு நேரா நின்னு, நாக்கூசாம "நான் எழுதினது"ங்கிறா. தூன்னு ஒரு சத்தம் தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. பக்கத்துல இருந்த பொண்ணு "ஆன்ட்டி, தண்ணி வேணுமா"ன்னு கேட்டா.

விஷயத்தைச் சொல்லிடறேன். நான் பத்தொன்பது வயசுல இருந்து ஓர் அச்சகத்துல ப்ரூஃப் பார்க்கிறேன். ஆங்கிலப் பாடப் புத்தகம், கதைத் தொகுப்பு, கம்பெனி அறிக்கை, எது வந்தாலும் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி என் கண்ணு வழியாத் தான் போகும். பள்ளிக்கூடத்தோட என் படிப்பு நின்னு போச்சு. ஆனா வருஷத்துக்கு இருபது புத்தகம் வரிக்கு வரி விரல் வெச்சுப் படிச்சா எந்த மக்குக்கும் ஆங்கிலம் வந்துடும். அச்சக முதலாளி நல்ல மனுஷன். "எடிட்டர் நாற்காலி உனக்குத் தாம்மா, ஆனா புத்தகம் குடுக்கிற காலேஜ்காரங்க எடிட்டர் என்ன படிச்சிருக்காருன்னு கேக்கிறாங்க. ஒரு டிகிரி வாங்கிட்டு வா, காலியா வெச்சிருக்கேன்"னு சொன்னார். அதுக்காகத் தான் பொண்ணை மூணாம் கிளாஸ் அனுப்பிட்டு நான் முதல் வருஷத்துக்கு வந்தேன். அந்த டிகிரி இல்லாட்டி, கண்ணு மங்குற வரைக்கும் அடுத்தவன் விட்ட தப்பைத் தேடிக்கிட்டே கிடக்க வேண்டியது தான்.

சின்னவ காலேஜ் சேர்ந்தப்ப எனக்குக் கல்யாணமாகி ஒண்ணரை வருஷம். முதல்ல சின்னச் சின்னப் பயிற்சித் தாளோட "அண்ணி, கமா மட்டும் பாருங்க"ன்னு வந்தா. பார்த்தேன். அப்புறம் "இந்தப் பத்தி ஒரு மாதிரி இருக்கு, கொஞ்சம் சரி பண்ணுங்க"ன்னா. பண்ணினேன். ஒரு மாசத்துல, முதல் கட்டுரைக்கே, வெள்ளைத் தாளும் கேள்வியும் மட்டும் மேடை மேல இருந்துச்சு. கூடவே பென்சிலைச் சீவி வெச்சிருந்தா, அந்த மட்டுக்கும் மரியாதை. துணி துவைக்கிறது, தரை துடைக்கிறது, சின்னவளுக்குக் கட்டுரை எழுதறதுன்னு அதுவும் மருமக வேலையில ஒண்ணாப் போச்சு. மாமியார்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். வீட்டுப் பொண்ணுக்குச் செய்யறதை எல்லாமா கணக்குப் பார்ப்பாங்கன்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரர் எப்பவும் போல பேப்பரை இன்னும் கொஞ்சம் மேல தூக்கிக்கிட்டார். ரெண்டாம் வருஷத்துல இருந்து எல்லாம் பரீட்சை தான், கட்டுரை கிடையாது. மனப்பாடம் பண்றதுல அவ புலி. நானும் அதோட மறந்துட்டேன்னு நெனச்சேன்.

இப்ப என் மேலயும் எனக்கு அருவருப்பா இருந்துச்சு. அதையும் மறைக்காம சொல்றேன். முதல் வாரத்துல ஓர் உறுதிமொழித் தாள் குடுத்தாங்க. அடுத்தவர் எழுதினதை என்னுதுன்னு காட்ட மாட்டேன், இதுவரைக்கும் எந்த மாணவருக்கும் எழுதிக் குடுத்ததில்ல, மீறினா சேர்க்கை ரத்து. இப்படி நாலு வரி. அதைச் சின்னவ தான் வகுப்புல சத்தமாப் படிச்சா. எழுதிக் குடுக்கிறதும் எழுதி வாங்குறதும் ஒரே தப்புன்னு விளக்கம் வேற குடுத்தா. படிக்காம கையெழுத்துப் போடறவ இல்ல நான். படிச்சுட்டுத் தான் போட்டேன்.

மாதிரிக் கட்டுரை ஒரு சிறுகதையைப் பத்தினது. கதை ரொம்பச் சின்னது. ஒருத்தி தினமும் சாயங்காலம் ஜன்னல்ல நின்னு புருஷன் தெருமுனையில திரும்புறதைப் பார்ப்பா. ஒரு நாள் அவன் வர்றதைப் பார்த்துக்கிட்டே ஜன்னலைச் சாத்திடுவா. ஏன் சாத்தினான்னு எழுதினவர் சொல்ல மாட்டார். அந்தத் தொகுப்பு எங்க அச்சகத்துல தான் அச்சாச்சு. நான் கட்டுரை எழுதினப்ப கையில இருந்தது ப்ரூஃப் தாள் தான், புத்தகம் இல்ல. அதுல முன்னாடி நாப்பத்திரண்டு பக்கத்துக்கு யாரோ ஒரு பெரிய மனுஷரோட முன்னுரை. கடைசி நேரத்துல அவருக்கும் பதிப்பாளருக்கும் தகராறாகி முன்னுரையைத் தூக்கிட்டாங்க. பக்க எண் எல்லாம் மாறிப் போச்சு. ஜன்னல் சாத்துற வரி ப்ரூஃப்ல அறுபத்தொண்ணாம் பக்கம், வெளிவந்த புத்தகத்துல பத்தொன்பதாம் பக்கம். என் கட்டுரையில அறுபத்தொண்ணுன்னு தான் போட்டிருந்தேன்.

எட்டு வருஷம். வருஷத்துக்கு இருநூறு பிள்ளைங்க. அத்தனை பேரும் அறுபத்தொண்ணாம் பக்கம்னு மேற்கோள் காட்டியிருக்காங்க. அறுபத்தொண்ணுல இருக்கிறது வேற கதை, ஒரு குதிரை வியாபாரி சண்டை போடறான். ஒரு பிள்ளை கூட புத்தகத்தைத் திறந்து பார்க்கல. சரி, பிள்ளைங்களை விடுங்க. மார்க் போட்டவங்க திறந்து பார்க்கலையே. நூலகத்துல போய் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். பக்கம் பிரிக்கும்போது ஒட்டிக்கிட்டிருந்த ஓரம் கிழிஞ்ச சத்தம் கேட்டுச்சு. இதுக்கா நான் ஊரெல்லாம் பெருமையா காலேஜுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்னு வெறுத்துப் போச்சு.

அந்த மாச வேலை, அதே கதையைப் பத்திக் கட்டுரை. மாதிரியைப் பின்பற்றி எழுதணும். நான் பின்பற்றல. பழைய கட்டுரையில அவ பயத்துல சாத்துறான்னு எழுதியிருந்தேன். அப்ப எனக்கு வயசு இருபத்தேழு, எல்லாத்துக்கும் பயம் தான் காரணம்னு தோணுச்சு. இப்பப் படிச்சா அப்படி இல்ல. பயந்தவ மறைஞ்சு நிப்பா. இவ அவன் பார்க்கும்போதே சாத்துறா. அவளுக்குக் குமட்டுது. தினமும் அதே நடை, அதே இருமல், அதே ஆளுக்காக நிக்கிற தன் மேலயே குமட்டுது. அப்படித் தான் எழுதினேன். பக்கம் பத்தொன்பதுன்னு சரியாப் போட்டேன். மூணு ஞாயித்துக்கிழமை உக்காந்து, பிள்ளையைத் தோழி வீட்டுக்கு அனுப்பிட்டு, என் பேருக்குன்னு என் வாழ்க்கையில முதல் தடவையா எழுதினது அது.

தாள் திரும்பி வந்துச்சு. பத்தொன்பதைச் சுத்திச் சிவப்பு வட்டம். "பக்க எண் தவறு, மாதிரியைப் பார்க்கவும்"னு ஓரத்துல குறிப்பு. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துடுச்சு. கடைசிப் பக்கத்தைத் திருப்பினதும் சிரிப்பு போச்சு. மார்க் இல்ல. "இது முதல் வருஷ மாணவி எழுதக்கூடிய நடை அல்ல. வேறொருவர் எழுதித் தந்ததாகச் சந்தேகம். துறை விசாரணைக்கு அனுப்பப்படுகிறது"ன்னு இருந்துச்சு. கீழ சின்னவளோட அழகான கையெழுத்து.

அடச்சீன்னு வாய் விட்டே சொல்லிட்டேன். எழுதிக் குடுத்தவளைப் பார்த்து, எழுதி வாங்கினவ, யார் எழுதிக் குடுத்தான்னு கேக்கிறா. இதை யார்கிட்ட போய்ச் சொல்றது? சொன்னா என் உறுதிமொழி பொய்யாகும். சொல்லாட்டி இந்தக் கட்டுரை எனக்கு இல்லாம போகும். எப்படிப் பார்த்தாலும் சேர்க்கை ரத்து. அன்னைக்கு பஸ்ல அவ முன் சீட்டுல ஜன்னலோரமா உக்காந்து தூங்கிட்டு வந்தா. அவ பின்னங்கழுத்தைப் பார்த்துக்கிட்டே வீடு வரைக்கும் வந்தேன். அப்படி ஒரு வெறுப்பு எனக்குள்ள இருக்கும்னு எனக்கே தெரியாது.

வீட்டுக்குள்ள செருப்பைக் கூடக் கழட்டாம கேட்டேன். சின்னவ முதல்ல மழுப்பினா. அப்புறம் உண்மையைச் சொன்னா. துறைத் தலைவர் மேடம் சும்மா நாலு தாளை எடுத்துப் பார்த்திருக்காங்க. என்னுதைப் படிச்சுட்டு, "இது நீ எழுதினது மாதிரியே இருக்கே, அந்த மாதிரிக் கட்டுரை நடை அப்படியே இருக்கு"ன்னு சொல்லியிருக்காங்க. நான் தான் எழுதிக் குடுத்தேன்னு நெனச்சுடுவாங்கன்னு பயந்து போய், முந்திக்கிட்டு நானே புகார் எழுதிட்டேன் அண்ணின்னா. அடுத்த மாசம் அவ வேலை நிரந்தரமாகுற மாசம்.

மாமியார் துண்டுல கையைத் துடைச்சுக்கிட்டே வந்து நடுவுல நின்னாங்க. ஒருத்தர் உதவி பண்ணினாங்கன்னு ஒத்துக்கோம்மா, இந்தக் கட்டுரையை மட்டும் தள்ளுவாங்க, அடுத்த வருஷம் திரும்ப எழுதிக்கோ, உனக்கு ஒரு வருஷம் தானே போகும், அவளுக்கு வாழ்க்கையே போயிடும்னாங்க. உதவி பண்ணினது யாருன்னு கேட்டா என்ன சொல்றது அத்தைன்னு கேட்டேன். யாரையாவது சொல்லேன்னாங்க. யாரையாவது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கிட்டு, "அவ சின்னப் பொண்ணு"ன்னார். இருபத்தேழு வயசுப் பொண்ணு. அந்த வயசுல தான் நான் அவளுக்குக் கட்டுரை எழுதிக் குடுத்துக்கிட்டு இருந்தேன்.

"சரி, மாதிரிக் கட்டுரையை யார் எழுதினது?"ன்னு சின்னவளைக் கேட்டேன்.

"நான் தான் அண்ணி எழுதினேன். நீங்க திருத்திக் குடுத்தீங்க."

அதைச் சொல்லும்போது அவ கண்ணைப் பார்த்தேன். பொய் சொல்றவ கண்ணு இல்ல அது. எட்டு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி அவளே நம்பிட்டா. அறுபத்தொண்ணாம் பக்கத்துல என்ன இருக்குன்னு கேட்டேன். ஜன்னல் சாத்துறது இருக்குன்னா. புத்தகத்தை எடுத்துக் காட்டினேன், குதிரை வியாபாரியைக் காட்டினேன். வேற பதிப்பா இருக்கும் அண்ணின்னா. திருடினவளா இருந்திருந்தா ரெண்டு கேள்வி கேட்டு முடிச்சிருப்பேன். தனக்குள்ளயே மூடிப் பூசி மெழுகிட்டவளை என்ன கேக்கிறது? எனக்குக் குளிக்கணும் போல இருந்துச்சு. உள்ள போயிட்டேன்.

விசாரணை வியாழக்கிழமை காலையில. துறைத் தலைவர் அறையில பெரிய மேசை, மேல கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழ பழைய கால அட்டவணைங்க மஞ்சளா கிடந்துச்சு. ஏசியில இருந்து பிளாஸ்டிக் வாளியில சொட்டு சொட்டா தண்ணி விழுந்துச்சு. மேடம் ஓய்வு பெறப் போறவங்க, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்துல தொங்க விட்டிருந்தாங்க. ஓரமா ஒரு டைப்பிஸ்ட். சந்தேகம் வந்தா அங்க ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தப்பட்ட ஆளை உக்கார வெச்சு, முன்னே பின்னே பார்க்காத ஒரு பக்கத்தைக் குடுத்து, ஒரு மணி நேரம் எழுதச் சொல்வாங்க. புகார் குடுத்த ஆசிரியர் எதிர்லயே உக்காந்து கண்காணிக்கணும்.

அப்படி உக்காந்தோம், அண்ணியும் நாத்தனாரும். குடுத்த பக்கம் ஒரு நாவல்ல இருந்து கிழிச்சு எடுத்தது, ஒரு கணக்கப்பிள்ளை தன் முதலாளியோட விருந்துக்குப் போய்க் கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறான். நான் எழுத ஆரம்பிச்சேன். எழுதும்போது எனக்குக் கோவம் வராது, அது ஒரு வரம். சின்னவ ஒரு தடவை கூட என் தாளைப் பார்க்கல, வாளியையே பார்த்துக்கிட்டு இருந்தா. ரெண்டு பக்கம் எழுதினேன், அடிச்சுத் திருத்தினது மூணே இடம். நேரம் முடியறதுக்கு முன்னாடியே குடுத்துட்டேன்.

மேடம் பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு நிதானமாப் படிச்சாங்க. ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம், சந்தேகமே இல்ல, இதை எழுதினவங்க தான் அந்தக் கட்டுரையையும் எழுதியிருக்காங்கன்னு சொன்னாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. பதினேழு வருஷ வேலையில ஒருத்தர் கூட நான் எழுதினதை ரெண்டு தடவை படிச்சதில்ல. அழாம இருக்க உதட்டைக் கடிச்சுக்கிட்டேன்.

ஆனா மேடம் விடல. டிராயர்ல இருந்து மாதிரிக் கட்டுரையை எடுத்து என் தாளுக்குப் பக்கத்துல வெச்சாங்க. பென்சிலால ரெண்டுலயும் மாறி மாறித் தட்டினாங்க. "வாக்கியத்தை முடிக்கிற விதம் ஒண்ணு. எதிர்க் கருத்தைக் கொண்டு வந்து உடைக்கிற விதம் ஒண்ணு. எனக்கு முப்பது வருஷ அனுபவம். இது எப்படி?"ன்னு கேட்டாங்க.

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள சின்னவ பேசிட்டா.

"இவங்க என் அண்ணி, மேடம். சொந்தம்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சுட்டேன், மன்னிச்சுடுங்க. நான் படிக்கும்போது வீட்டுல இவங்களுக்கும் சொல்லிக் குடுப்பேன். என் கட்டுரைங்களைப் படிச்சுத் தான் எழுதக் கத்துக்கிட்டாங்க. அதான் என் நடை வருது."

சொல்லிட்டு என்னைப் பார்த்தா. கண்ணு நிறைய தண்ணி. என்னைக் காப்பாத்திட்டாளாம். உண்மையிலேயே அப்படித் தான் நெனச்சா, அந்த முகத்துல துளிக் கபடம் இல்ல.

மேடத்துக்கு முகமெல்லாம் மலர்ந்து போச்சு. ஒரு பள்ளிக்கூடப் படிப்பு மட்டும் படிச்ச வீட்டுப் பெண்ணை இந்த அளவுக்குக் கொண்டு வந்தியான்னு சின்னவ தோளைத் தட்டினாங்க. இதையெல்லாம் முன்னாடியே சொல்ல வேண்டாமா, உன்னை நிரந்தரமாக்குற குழுவுக்கு நானே எழுதறேன்னாங்க. டைப்பிஸ்ட்கிட்ட சொல்லச் சொல்ல நாலு வரி அடிச்சு வந்துச்சு. புகார் திரும்பப் பெறப்படுகிறது. மாணவிக்கு அவருடைய நாத்தனாரே எழுதக் கற்றுத் தந்துள்ளார். நடை ஒற்றுமைக்கு அதுவே காரணம். கீழ என் கையெழுத்துக்கு ஒரு கோடு.

பேனாவைக் கையில குடுத்தாங்க. போட்டா முடிஞ்சது. என் சீட்டு இருக்கும், மூணு வருஷத்துல டிகிரி வரும், அந்த நாற்காலி வரும். வீட்டுல சாயங்காலம் எல்லாரும் சிரிச்சுப் பேசுவாங்க. சின்னவ பஸ்ல எனக்குப் பக்கத்துல கூட உக்காருவா. நான் அந்த நாலு வரியை வேலைப் பழக்கத்துல எழுத்து எழுத்தாப் படிச்சேன். ஒரு பிழை கூட இல்ல, விஷயம் மட்டும் தலைகீழ். நான் எழுதினதை எடுத்துக்கிட்டா, போகட்டும்னு இருந்தேன். இப்ப எழுதுற கையையே எடுத்துக்கிறா. இனிமே நான் எதை எழுதினாலும், எவ்ளோ நல்லா எழுதினாலும், நாத்தனார் சொல்லிக் குடுத்ததுன்னு தான் பேரு. அதுக்கு நானே கையெழுத்துப் போடணும். போட்டுட்டு நன்றி வேற சொல்லணும். வாயெல்லாம் கசந்துச்சு.

பேனாவைக் கீழ வெச்சேன். "இதுல இருக்கிறது உண்மை இல்ல, மேடம். எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அவளோட முதல் வருஷக் கட்டுரைங்களை நான் தான் எழுதினேன். அந்த மாதிரிக் கட்டுரையும் என்னுது"ன்னேன்.

மேடம் கண்ணாடியைக் கழட்டினாங்க. டைப்பிஸ்டை வெளியே போகச் சொன்னாங்க. அப்புறம் குரலைத் தணிச்சுக்கிட்டு, கோவத்துல சொல்லாதீங்கன்னாங்க. "நீங்க இப்பச் சொன்னதை நான் எழுதிட்டா, உங்க உறுதிமொழி பொய். உங்க சேர்க்கை ரத்து. இவளுக்கு வேலை போகும், டிகிரியையே திரும்பப் பார்ப்பாங்க. ரெண்டு பேரும் வெளிய. நான் காதுல வாங்கலன்னு விட்டுடறேன். யோசிச்சுச் சொல்லுங்க, எழுதட்டுமா?"

"எழுதுங்க, மேடம்."

சின்னவ ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கிட்டா. பாவமாத் தான் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னா பொய். கல்யாணமாகி வந்தப்ப அந்த வீட்டுல என்கிட்ட முதல்ல சிரிச்சுப் பேசினவ அவ தான். ஆனா அருவருப்பும் விடல. எனக்கு அவ மேலயும், என் மேலயும், எட்டு வருஷமா புத்தகத்தைத் திறக்காத இந்தக் கட்டடத்து மேலயும் ஒண்ணு போல அருவருப்பு.

மேடம் ஒரு புதுத் தாளை எடுத்தாங்க. எத்தனை கட்டுரைன்னு கேட்டாங்க.

"ஆறு. அந்த வருஷம் குடுத்ததே ஆறு தான். ஆறும் நான் எழுதினது."

ஒவ்வொண்ணாத் தலைப்பைச் சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். எல்லாம் நெஞ்சுல அப்படியே இருந்துச்சு. ஜன்னல் கதை. ஓடக்காரன் பாட்டு. வாடகை வீட்டைப் பத்தின நாடகம். ரெண்டு கவிதைங்களை ஒப்பிட்டு எழுதினது ஒண்ணு. ஒரு பிரசங்கத்தைப் பத்தி ஒண்ணு. ஆறாவது, மகனுக்குக் கடிதம் எழுதுற ஒரு கைதியோட கவிதை. மேடம் நம்பர் போட்டு எழுதிக்கிட்டே வந்தாங்க.

சின்னவ முகத்துல இருந்து கையை எடுத்தா. குரல் கம்மியிருந்துச்சு, சண்டைக் குரல் இல்ல.

"ஆறாவது நீங்க எழுதல அண்ணி. அது பாப்பா பொறந்த வாரம். நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க. நான் தான் எழுதினேன்."

பொய்னு சொல்ல வாயைத் திறந்துட்டேன். அப்புறம் தான் அந்த வார்டு ஞாபகம் வந்துச்சு. மாத்துத் துணிப் பையோட வந்தா, கட்டில் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து மடியில தாளை வெச்சு எழுதிக்கிட்டே இருந்தா. நடுவுல என்னமோ கேட்டா, எனக்குக் கண்ணு சொருகிடுச்சு, பதில் சொல்லல. முடிச்சுட்டு என்கிட்ட படிச்சுக் காட்டினா. தலைப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது அதனால தான். இதையும் நான் எழுதினேன்னு எட்டு வருஷமா மனசுக்குள்ள ஆறு, ஆறுன்னு எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். ஒரு நிமிஷம் முன்னாடி வரைக்கும் அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.

"எவ்ளோ மார்க் வந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"நூத்துக்கு நாப்பத்திரண்டு"ன்னா.

மேடம் பேனாவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் பார்த்தாங்க.

"அஞ்சுன்னு மாத்திக்குங்க, மேடம்"னேன். "ஆறாவது அவ எழுதினது."